கண்ணாடிக்காரனின் சாவுகள்

என் அப்பாவுக்குப் பிடித்த நடிகர் யாரென்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்க மாட்டோம். கண்ணாடிக்காரன். அந்தப் பெயரை வைத்தது அம்மா. ஆள் இங்கிலாந்துக்காரர், இப்போது நல்ல வயது. ஒரு படத்திலும் கதாநாயகனாக வந்ததில்லை. பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் "இவனோ" என்பார்கள். வாலிபத்திலிருந்தே திரையில் ஆட்களைக் கொன்றுகொண்டிருப்பவர். படம் முடிவதற்குள் தானும் செத்துப்போவார்.

எந்த வேடமாக இருந்தாலும் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடுமையைத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பையிலிருந்து லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை எடுத்து, ஒரு அவசரமும் இல்லாமல் துடைப்பார். திரும்பப் போட்டுக்கொண்டு, உதட்டைப் பிரிக்காமல் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதற்குப் பிறகு யாருக்காவது விரல் போகும், அல்லது கண் போகும்.

இறைச்சிக்கடை நடத்தும் ரவுடித் தலைவனாக வந்த படத்தில் எதிரியை மாட்டுத்தொடைகளுக்கு நடுவே கொக்கியில் உயிரோடு தொங்கவிட்டார். தோட்டத்துரையாக வந்ததில் கூலியாள் ஒருவனின் முதுகைச் சவுக்கால் உரித்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துத் தேநீர் குடித்தார். மனநோய் விடுதி வைத்தியராக வந்ததில் ஒரு பெண்ணின் பல்லை மருந்தில்லாமல் பிடுங்கினார். கப்பல் தலைவன், நீதிபதி, ஒருமுறை பொம்மைக் கடைக்காரன். சாவும் அதற்கேற்றமாதிரித்தான் கிடைத்தது. இறைச்சிக்கடைக்காரன் தன் கொக்கியிலேயே தொண்டை கிழிந்து தொங்கினான். துரையைக் கூலிகள் தேயிலை அரைக்கும் இயந்திரத்துக்குள் தலைகீழாக விட்டார்கள். நீதிபதியை அவன் வளர்த்த வேட்டைநாய்களே கிழித்தன, அதைத் தூரத்தில் வைத்துக் காட்டவும் இல்லை.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா இந்தப் படங்களைப் பார்ப்பார். அம்மா படுக்கப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடக் கொப்பிகளோடு மேசையில் இருந்து ஒரு கண்ணால் பார்ப்பேன். அப்பா நொறுக்குத்தீனி தின்னமாட்டார், தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். கண்ணாடிக்காரன் சாகும் இடம் வந்ததும் முன்னால் குனிவார். முடிந்ததும் திருப்பி ஓடவிட்டு இன்னொருமுறை பார்ப்பார். சிலவேளை தலையை ஆட்டுவார். சிலவேளை போதாது, அவசரம் என்று குறை சொல்லுவார்.

"இந்தச் சாவு காணாது. கெதியா முடிச்சுப்போட்டாங்கள்."

ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் மனிதர் அவர். குடித்த வெறிகாரர் யாராவது பஸ்ஸுக்குள் ஏறித் தூஷணத்தால் ஏசினாலும் "சரி, இருங்கோ" என்பவர். எங்களை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அம்மாவுக்கும் எனக்கும்தான் மூக்கின் மேல் கோபம், பாத்திரம் பறக்கும், கதவு அறையும். அப்பா பால்கனிக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட பூனைக்கு இரத்தப் படத்தில் என்ன இவ்வளவு பிரியம் என்று அம்மா நக்கலடிப்பார். "உங்கடை கொலைகாரன் வந்திட்டான், போய் வரவேற்று இருத்துங்கோ" என்பார். அப்பா சிரிப்பார்.

எங்கள் ஆட்கள் ஒரு நடிகனின் படங்களை விடாமல் பார்த்தால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான் உண்டு. அம்மாவுக்கு ஒரு நாயகன் இருந்தார், மாமாவுக்கு ஒருவர். அவர்களுக்காக அவர்கள் போட்ட சண்டைகளில் உறவே அறுந்திருக்கிறது. அப்பாவுக்கு இருந்தது ஒரு வெள்ளைக்கார வில்லன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தோம். ஒருமுறை நான் புதிதாக ஒரு படத்தைத் தேடிப் போட்டேன். அதில் கண்ணாடிக்காரன் பேரப்பிள்ளைக்கு நீச்சல் பழக்கும் நல்ல கிழவன். பாதிப் படத்தில் அப்பா கேட்டார்:

"இவன் இதிலை எப்ப சாகிறான்?"

"இதிலை சாகேல்லை அப்பா. நல்லவரா வாறார்."

அப்பா எழும்பிப் போய்த் தொலைக்காட்சியின் வயரைச் சுவரோடு பிடுங்கினார். செருகி உடைந்து, கொஞ்சச் சாந்தும் சேர்ந்து வந்தது. வயரை நிலத்தில் போட்டுவிட்டுச் சப்பாத்துப் போடாமல் பனிக்குள் இறங்கிப் போனார். நான் பயந்துபோனேன். அம்மா பயப்படவில்லை. தன் நாயகன் வில்லனாக வந்த வருடம் தானும் ஒழுங்காகச் சமைக்கவில்லை என்று நினைவூட்டினார். ரசிகர்களுக்குக் கிறுக்குப் பிடிப்பது எங்களுக்குப் புதிதில்லை.

எனக்கு மனதை அரித்த விஷயம் வேறு. அப்பாவுக்கு ஒரேயொரு தம்பி. அவர் பேர்கனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். ஒரே நாடு, ரயிலில் ஒரு பகல் தூரம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருவரும் கதைப்பதில்லை. கலியாண வீடு, செத்த வீடு, எதிலும் ஒருவர் நிற்கும் இடத்தில் மற்றவர் நிற்கமாட்டார். எங்கள் ஆட்களிடம் கேட்டால் காணிப் பிரச்சினை என்றார்கள். இரண்டு சகோதரர்கள் கதைக்கவில்லையென்றால் எங்கள் ஆட்களுக்குக் காணிதான். அப்பாவிடம் கேட்டால் பால்கனிக்குப் போவார். பெருநாள்களில் நான்தான் சித்தப்பாவோடு தொலைபேசியில் கதைப்பேன். வைக்கும்போது அவர் ஒவ்வொரு முறையும் "அண்ணை சுகமோ?" என்று கேட்பார். நான் அந்தப் பக்கம் திரும்பி "சித்தப்பா சுகம் கேக்கிறார்" என்றால் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் கோபக்காரன் முகமாக இருக்காது. சாவதற்குள் அப்பா தன் தம்பியோடு ஒரு வார்த்தை கதைக்கவேண்டும், அதைச் செய்விப்பது என் வேலை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் ஆட்கள் அறுபதைச் சும்மா விடமாட்டார்கள். மண்டபம், பலூன், கேக், ஆட்டிறைச்சிக் கறி, வீடியோக்காரர். சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுத்தார். நான் அழுதேன், பிறகு ஏசினேன். இரண்டில் எது வேலை செய்ததோ தெரியாது, வருகிறேன் என்றார்.

என் திட்டம் சுலபமானது. கேக் வெட்டியதும் முதல் துண்டை மிக நெருங்கியவருக்கு வாயில் தீத்துவது வழக்கம். அந்த நேரம் சித்தப்பாவை அப்பாவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடவேண்டும். எல்லோருக்கும் முன்னால் அப்பா மறுக்க முடியாது. ஒரு துண்டு கேக் தம்பியின் வாய்க்குள் போய்விட்டால் மற்றது தானாக நடக்கும்.

கேக்கும் அப்பாவுக்குப் பிடித்ததாக இருக்கவேண்டும் அல்லவா? வீட்டில் கேக் அடித்து விற்கும் ஒரு அன்ரி, படம் கொடுத்தால் சீனித்தாளில் அச்சடித்துக் கேக்கின் மேல் ஒட்டித் தருவார். வழக்கமாகப் பிறந்தநாள்காரரின் படம்தான் கொடுப்பார்கள். நான் கண்ணாடிக்காரனின் படத்தைக் கொடுத்தேன், அந்தச் சிரிப்போடு, முழு முகம். மண்டப வாசலில் வைக்க ஆளுயரத்தில் ஒரு கட்அவுட்டும் அடிப்பித்தேன். நீளக் கறுப்புக் கோட்டு, கையில் லேஞ்சி. ரசிகருக்கு இதைவிட வேறென்ன செய்வது? அம்மா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தோம், ஐந்து மணிக்குச் சனம் நிறைந்தது. அப்பா வாசலில் கட்அவுட்டைக் கண்டு நின்றார். வீடியோக்காரர் விளக்கை அடித்தார், வந்திருந்த பிள்ளைகள் "அங்கிள், உங்கடை ஹீரோ" என்று கத்தினார்கள். அப்பா சுவர்ப்பக்கமாக ஒதுங்கி, அதில் படாமல் உள்ளே போனார். கூச்சப்படுகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

சித்தப்பா பிந்தித்தான் வந்தார். இடது முழங்கை நிமிராது, இடது காது கேட்காது என்று எனக்குத் தெரியும். மீன் தொழிற்சாலையில் விழுந்ததால் என்று முன்பு சொல்லியிருந்தார். நான் ஓடிப்போய் வரவேற்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்அவுட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். வந்ததும் வராததுமாக இவருக்கு என்ன வம்பு என்று எனக்கு எரிந்தது. அவர் உள்ளே போனதும் திரும்ப நேராக வைத்தேன்.

கேக் மேசையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். நான் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து அப்பாவின் வலது பக்கத்தில் நிறுத்தினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் கேக்கைத்தான் பார்த்தார்கள். ரிப்பன் கட்டிய கத்தியை அப்பாவின் கையில் கொடுத்தேன். பிறந்தநாள் பாட்டு முடிந்தது. சனம் கைதட்டத் தொடங்கியது.

"வெட்டுங்கோ! வெட்டுங்கோ!"

அப்பா வெட்டவில்லை. கைதட்டல் ஒரு தாளத்துக்கு வந்தது. அவருடைய நெற்றியில் வியர்வை உருண்டது. அவர் மெல்லத் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

அப்பா கத்தியை ஓங்கிக் கண்ணாடிக்காரனின் இடது கண்ணில் குத்தினார்.

முதல் குத்துக்குச் சனம் விசிலடித்தது. அப்பா நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தார்கள், நானும் நினைத்தேன். இரண்டாவது குத்து வாயில் இறங்கியது. கேக்கின் உள்ளே சிவப்பு நிறம், அப்படித்தான் நான் சொல்லிச் செய்வித்திருந்தேன். சிவப்புத் தூள் அவருடைய வெள்ளைச் சட்டையிலும் முன்னால் நின்ற பிள்ளைகளின் முகத்திலும் தெறித்தது. அவர் நிறுத்தவில்லை. கத்தி அடியிலிருந்த பலகையில் இறுகி, பிடுங்குப்பட்டு, திரும்ப இறங்கியது. கண், கழுத்து, கன்னம், திரும்பக் கண். ஒரு சத்தமும் போடாமல் குத்தினார். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது, அதோடு எல்லாக் குழந்தைகளும் அழுதன. தொலைபேசியில் படம் எடுத்தவர்கள் கையைக் கீழே இறக்கினார்கள். மேசை சரிந்து விழுந்தது. அப்பா நிலத்தில் முழங்காலில் இருந்து குத்தினார். நான் கிட்டப் போக, மாமா என்னை இழுத்து எறிந்தார்.

சித்தப்பாதான் போனார். குனிந்து, இறங்கி வந்த கத்தியை உள்ளங்கையால் பிடித்தார். பிடியை அல்ல, அலகை. இரத்தம் மணிக்கட்டு வழியாக ஓடிக் கேக்கில் விழுந்தது.

"காணும் அண்ணை," என்றார். "காணும்."

அப்பா கையை விட்டார். கத்தி சித்தப்பாவின் கையோடு போனது.

அவசர சிகிச்சை நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். பின் இருக்கையில் அப்பா சித்தப்பாவின் கையைத் துவாயால் அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பெரிய பயம் இருந்தது. இத்தனை வருடமும் கதைக்காத இரண்டு பேரைச் சேர்த்துவைக்கப்போய் ஒருவர் கையால் மற்றவர் இரத்தத்தைக் கொட்டவைத்தேன் என்று நினைத்தேன்.

என்ன நடந்தது என்று தாதி கேட்டார். "கேக் வெட்டேக்கை வழுக்கிட்டுது" என்பதைச் சித்தப்பா நோர்வேஜிய மொழியில் அழகாகச் சொன்னார். கட்டுப் போட்டு, தையலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். வரிசைக் கதிரைகளில் இருந்தோம். சித்தப்பா எழும்பி, அப்பாவின் மற்றப் பக்கத்துக்குப் போய், கேட்கும் காது அப்பாவுக்குப் பக்கமாக வரும்படி இருந்தார். என் பொறுமை அதோடு முடிந்தது.

"ரெண்டு பேரும் எனக்கு இப்ப சொல்லுங்கோ. அந்த மனுசன் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"அந்த நடிகன் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை," என்றார் சித்தப்பா. "அவன்ரை மூஞ்சிதான்."

யுத்தக் காலத்தில் ஊரில் இருவரையும் பிடித்து வைத்திருந்த ஒரு முகாமைப் பற்றிச் சொன்னார். அங்கே பொறுப்பாக ஒரு பெரியவன் இருந்தான். நிறம் வேறு, பாஷை வேறு. ஆனால் அந்த வாய், உதடு பிரியாத அந்தச் சிரிப்பு, கண்ணாடி துடைக்கும் விதம் எல்லாம் அச்சொட்டாக இதுதான். கண்ணாடியைக் கழற்றினால் யாரோ ஒருவனுக்கு முடிந்தது. பெட்ரோல் நனைத்த பையை முகத்தில் கட்டுவார்கள். கால் பெருவிரலில் கயிறு போட்டுத் தொங்கவிடுவார்கள். மண் அடைத்த பிளாஸ்ரிக் பைப்பால் அடித்தால் தோல் வெடிக்காது, உள்ளே எலும்பு போய்விடும். பக்கத்தில் படுத்திருந்த பெடியன் ஒருவன் விடியும்போது வாயில் ஈ மொய்க்கக் கிடந்தான். இதையெல்லாம் சித்தப்பா பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"பேர்கனுக்கு வந்த புதுசிலை ஒரு படத்திலை இவனைக் கண்டனான். இருந்த கதிரையிலையே மூத்திரம் போயிட்டுது. எழும்பி ஓடுவம் எண்டு பாத்தால் கால் வரேல்லை. பிறகு கடைசியிலை அவனைக் கொக்கியிலை போட்டாங்கள்."

அப்பா நிமிர்ந்தார். "இறைச்சிக்கடையோ?"

"ஓம்."

"நீயும் பாக்கிறனியோ? இவன்ரை படங்கள்?"

"ஒண்டும் விட்டதில்லை."

"நாய் கடிக்கிறது?"

"அது நல்ல சாவு அண்ணை. துரையா வந்ததுதான் கெதியா முடிஞ்சிட்டுது."

"கெதியா முடிச்சுப்போட்டாங்கள்," என்றார் அப்பா. "கப்பல்காரன் பாத்தனியோ? சங்கிலியோடை தாண்டது?"

"எத்தினை தரம்."

இப்படி ஒவ்வொரு சாவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எரிந்தது, கடலில் தாழ்ந்தது, கூரையிலிருந்து விழுந்து கம்பியில் ஏறியது. ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார். எதிரே இருந்த நோர்வேஜியக் கிழவி, நெடுநாளைக்குப் பிறகு சந்தித்தவர்களாக்கும் என்று பார்த்துப் புன்னகைத்தாள். ஒஸ்லோவிலும் பேர்கனிலுமாக இரண்டு வரவேற்பறைகளில், ஒருவருக்கொருவர் தெரியாமல், இவர்கள் ஒரே மனிதனைக் கொன்றுகொண்டு இருந்திருக்கிறார்கள்.

"அந்த உண்மையானவன்?" என்று கேட்டேன். "அவன் என்ன ஆனான்?"

"அவனுக்கென்ன," என்றார் சித்தப்பா. "பென்சன் எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடை இருக்கிறானாம்."

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். இருவரும் கதைத்துவிட்டார்களே, நான் நினைத்த மாதிரி இல்லாவிட்டாலும் நடந்துவிட்டதே என்று நினைத்தேன். ஆனால் இதற்காக ஏன் இவர்கள் இவ்வளவு காலம் முகம் பார்க்காமல் இருந்தார்கள் என்பது விளங்கவில்லை. ஒரே இடத்தில் ஒன்றாக அடி வாங்கியவர்கள் இன்னும் நெருங்கித்தானே இருக்கவேண்டும்? அதைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, நிலத்தைப் பார்த்தபடி, தானாகவே தொடங்கினார்.

"இந்த நடிகன் எவ்வளவோ மேல். எந்தப் படமெண்டாலும் தன்ரை கையாலைதான் செய்யிறான். இன்னொருத்தன்ரை கையிலை பைப்பைக் குடுக்கேல்லை."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அவன் இவனை எனக்கு முன்னாலை முழங்காலிலை இருத்தினவன். பைப்பை என்ரை கையிலை தந்திட்டுப் போய்க் கதிரையிலை இருந்து கண்ணாடி துடைச்சவன். சுத்தி நிண்டவங்கள் கைதட்டினவங்கள். அடி, அடி எண்டு."

நான் சித்தப்பாவின் நிமிராத முழங்கையைப் பார்த்தேன். கேட்காத காதைப் பார்த்தேன். பிறகு அப்பாவின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன். அந்தக் கையில்தான் கொஞ்ச நேரத்துக்கு முன் நான் ஒரு கத்தியைக் கொடுத்து, சுற்றி நின்று கைதட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனது.

சித்தப்பா கட்டுப்போடாத கையை அப்பாவின் முழங்காலில் வைத்தார்.

"நீங்கள் மெதுவாத்தான் அடிச்சனீங்கள் அண்ணை."

"இல்லை," என்றார் அப்பா. "மெதுவா அடிச்சால் முதலிலையிருந்து தொடங்கச் சொன்னவன். நான் பலமாத்தான் அடிச்சனான்."

உள்ளேயிருந்து தாதி வந்து சித்தப்பாவின் பெயரைப் பிழையாக வாசித்துக் கூப்பிட்டார். அவர் எழும்பினார்.

"தெரியும்," என்றார். "வாங்கினது நானெல்லோ. வாங்கோ, தைக்கேக்கை பக்கத்திலை நில்லுங்கோ."

அப்பா உடனே எழும்பவில்லை. தாதி இன்னொருமுறை கூப்பிட்ட பிறகு எழும்பி, தம்பிக்குப் பின்னால் உள்ளே போனார்.